மலை எந்தப் பக்கம்

மச்சான்,

இன்று காலை உன் தங்கை செல்வி ஊக்கு கேட்டாள். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் மேல் ஹாரனாக அடித்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் கண்ணாடி அலமாரியில் கையை விட்டேன். அந்த ரோஸ் நிறப் பாதிப் பந்து கையோடு வந்தது. செல்வி அதில்தான் ஊக்குகளைப் போட்டு வைத்திருக்கிறாள். ரம்பம் ஓடின தடம் விளிம்பில் இன்னும் கோணல்மாணலாக இருக்கிறது. அறுத்தது நான், பந்தைப் பிடித்துக்கொண்டது நீ. "என் விரல அறுத்துறாதடா, எனக்கு அது வேணும்" என்று நீ சொன்னது காதில் கேட்டது. ஊக்கை மறந்துவிட்டு அப்படியே நின்றேன். "ஆட்டோ போயிடும். இன்னா வேடிக்கை பாத்துகினு நிக்கிறீங்க?" என்று உன் தங்கை உள்ளேயிருந்து கத்தினாள்.

கல்யாணச் சாப்பாடு முடிந்து வந்தாயிற்று. கடையைத் திறக்க மனமில்லை. இன்வெர்ட்டரை ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் ஒரு நாள் கைவிசிறியோடு இருந்துகொள்ளட்டும் என்று உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு பந்தை அறுத்தால் நான்கு பாதி. நமக்குத் தேவைப்பட்டது மூன்று. மீந்த அந்த ஒன்றுதான் இங்கே இருக்கிறது. மற்ற மூன்றும் உன் கரட்டுக் குன்றின் உச்சியில், ஒரு கம்பியின் தலையில், இந்த நிமிஷமும் சுற்றிக்கொண்டிருக்கும்.

நாம் எப்படி இதில் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்ச். நான் தேரடிப் பக்கம், நீ அடி அண்ணாமலை. மலைக்கு இந்தாண்ட ஒருத்தன், அந்தாண்ட ஒருத்தன். அப்போதே எனக்கு டவுன்காரன் என்று பேர் வைத்தாய். பிறகு உன் தங்கையை நான் கட்டிக்கொண்டதும் உனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. சொந்தக்காரர்கள் முன்னால் "வாங்க மாப்ளே, குந்துங்க" என்பாய். அவர்கள் அந்தப் பக்கம் திரும்பினதும் "டேய் டவுன்காரா, ஒரு டீ சொல்றா" என்பாய். இருபது வருஷத்தில் ஒரு நாளாவது இரண்டையும் மாற்றிப் போடுவாய் என்று காத்திருந்தேன். நீ மாட்டவே இல்லை.

உன் ஊரிலிருந்து மேற்கே அரை மணி நேரம் போனால் வருகிற அந்தக் கரட்டுக்கு பெங்களூரிலிருந்து பாராகிளைடிங் ஆட்கள் வர ஆரம்பித்தபோது நீ ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தாய். அவர்கள் மூட்டைகளை மேலே ஏற்றுவதும், கடலைக் கொல்லையிலோ கரும்பு வயலிலோ போய் இறங்கினவர்களைத் தேடி ஏற்றி வருவதும் உன் வேலை. ஒரு நாள் அவர்களில் ஒருவர் உன்னை முன்னால் கட்டிக்கொண்டு பறந்தார். இறங்கின கையோடு எனக்கு ஃபோன் போட்டாய். பத்து நிமிஷம் பேசினாய், எனக்கு ஒன்றும் புரியவில்லை. "கால் சும்மா தொங்குதுடா" என்பதை மட்டும் நாலைந்து தடவை சொன்னாய். அடுத்த வருஷம் நீயே எங்கோ போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு, யாரோ பயன்படுத்தின மஞ்சள் பாராசூட் ஒன்றோடு வந்து இறங்கினாய். அப்போது உனக்கு நாற்பத்திரண்டு வயது.

"நம்ம மலை மேலயும் பறப்பியா?" என்று கேட்டேன். நீ முறைத்தாய். "சாமி தலை மேலயாடா? கரட்டோட சரி" என்றாய்.

உனக்குக் கல்யாணம் அமையவில்லை. அதனால் உனக்காகப் பயப்படுகிற வேலை முழுவதும் செல்வியின் தலையில் விழுந்தது. அவள் அழுகிற ஜாதி இல்லை, உனக்கே தெரியும். சண்டை போட்டாள். அதுவும் உன்னோடு இல்லை, என்னோடு. "காத்து நல்லா இருந்தா ஒண்ணும் ஆவாது" என்று நீ அவளைச் சமாதானப்படுத்தியிருந்தாய். அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் கரண்ட் மெஷின் ரிப்பேர் பண்றீங்க. அந்த கரட்டு மேல காத்து எப்படி இருக்குதுன்னு கீழ இருந்தே தெரிஞ்சிக்கற மாதிரி ஒண்ணு பண்ணித் தர முடியாதா?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பண்றேன். உங்க அண்ணன் முழுசா கீழ எறங்கறதுக்கு நான் பொறுப்பு" என்று பெரிய மனுஷன் போலச் சொல்லிவிட்டேன்.

"பொறுப்புன்னு சொல்லிட்டீங்க. நாளைக்கு பேச்சு மாறக்கூடாது" என்றாள். அதன் பிறகுதான் உன்னைப் பறக்க விட்டாள்.

விசாரித்துப் பார்த்தோம். அப்படிக் காற்றைப் பார்த்துத் தகவல் அனுப்புகிற கருவிக்குப் புது பைக் விலை சொன்னார்கள். நமக்கு அது கட்டுப்படியாகாது. என் கடைப் பரணில் கிடந்ததை வைத்தே ஆரம்பித்தோம். பழைய கம்ப்யூட்டர் விசிறியிலிருந்து பேரிங். காற்று எந்தத் திசை என்று காட்டுகிற வாலுக்கு எண்ணெய் டின்னை வெட்டின தகரம். ஒரு சின்ன சோலார் தகடு, ஒரு பைக் பேட்டரி, சிம் போட்ட ஒரு சர்க்யூட். எல்லாவற்றையும் வைத்து மூட வயரிங் வேலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் பெட்டி. அந்த சிம் நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால், இப்போது காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று திருப்பி மெசேஜ் வரும். செல்வியும் படிக்க வேண்டும் என்று அதைத் தமிழிலேயே வரச் செய்தேன்.

காற்றைப் பிடித்துச் சுற்றுகிற கிண்ணத்துக்குத்தான் திண்டாடினோம். நீ முதலில் கொண்டுவந்தது கிரிவலப் பாதையில் சுண்டல் போட்டுத் தருகிற தொன்னை. "கம்மி வெயிட்டுடா, நல்லா சுத்தும்" என்றாய். டேபிள் ஃபேன் முன்னால் வைத்தோம். நன்றாகத்தான் சுற்றியது. பிறகு பிய்ந்துகொண்டு பறந்து, பக்கத்து ஜெராக்ஸ் கடை அம்மாவின் மேஜையில் போய் விழுந்தது. அந்த அம்மா எட்டிப் பார்த்து, "சுண்டல் எங்கப்பா?" என்று கேட்டார். அடுத்த பௌர்ணமிக்கு உன் ஊரில் போட்ட பொம்மைக் கடையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் பந்து வாங்கி வந்தாய், ஒன்று ரோஸ், ஒன்று பச்சை. ஒரே நிறத்தில் வாங்கியிருக்கக் கூடாதா என்றேன். "காத்துக்கு கலர் தெரியுமா?" என்றாய்.

வேகத்தைச் சரிபார்க்க ஒரு காலை செங்கம் ரோட்டில் போனோமே, அதை நினைத்தால் இப்போதும் வயிறு குலுங்குகிறது. இலை அசையாத நேரம். நீ பைக் ஓட்டினாய். நான் பின்னால் ஒரு கம்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பின் நுனியில் ரோஸும் பச்சையுமாகக் கிண்ணங்கள் சுற்றின. நீ மீட்டரைப் பார்த்து "இருவது! முப்பது!" என்று கத்த, நான் மடியில் இருந்த ஃபோனில் எண்ணைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கிரிவலம் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் நின்று நம்மைக் கும்பிட்டார். "இன்னா வேண்டுதல்பா?" என்று கேட்டார். நீ வண்டியை நிறுத்தி, முகத்தில் சிரிப்பே காட்டாமல், "மச்சான் ஒருத்தன் மேல போறான் பெரியவரே, நல்லபடியா கீழ வரணும்னு வேண்டுதல்" என்றாய். அவர் தன் பையிலிருந்து விபூதி எடுத்து உன் நெற்றியில் பூசிவிட்டார். அதில் கொஞ்சம் எடுத்து நீ கிண்ணத்துக்கும் பூசினாய்.

பிறகு வந்தது நான் செய்த புத்திசாலித்தனம்.

பெட்டியை உச்சியில் பொருத்தும்போது திசை சரியாக இருக்க வேண்டும். ஃபோனில் இருக்கிற காம்பஸ், இரும்புக் கம்பியும் உள்ளே இருக்கிற காந்தமும் பக்கத்தில் வந்தால் பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றியது. நான் யோசித்தேன். நம் ஊரில் திசைக்குக் காம்பஸ் எதற்கு? எங்கே நின்றாலும் மலை தெரிகிறது. பெட்டியின் மேல் ஒரு அம்பு வரைந்தேன். அந்த அம்பு இருக்கிற பக்கம்தான் மேற்கு என்று சர்க்யூட்டுக்குச் சொல்லி வைத்தேன். அம்பை மலைக்கு நேராக வைத்துவிட்டால் முடிந்தது வேலை.

எனக்கோ மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்றாலே தலை சுற்றும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீதான் போனாய். மேலே போய் ஃபோன் செய்தாய். "மாட்டிட்டேன். அம்ப எந்தப் பக்கம் வெக்கணும்?"

"மலைய பாத்து வை. நேரா இருக்கணும்."

"நேரா வெச்சிட்டேன். நூல் புடிச்ச மாதிரி இருக்குது."

அன்று காற்றே இல்லை. நீ கையால் கிண்ணத்தைச் சுற்றினாய், மெசேஜ் வந்தது. செல்விக்குக் காட்டினேன். அவள் அந்த நம்பரை "அண்ணன் காத்து" என்று பேர் போட்டு வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு நீ கூப்பிட்டாய். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த பெங்களூர்ப் பெண் ஒருத்தியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கரட்டுக்குப் போயிருந்தாய். மிஸ்டு கால் கொடுத்தால் "மேற்கு 15" என்று வந்திருக்கிறது. கரட்டின் சரிவு மேற்குப் பார்த்தது. காற்று முகத்துக்கு நேரே மேற்கிலிருந்து வந்தால்தான் அங்கிருந்து ஓடிக் கிளம்பலாம். கிழக்குக் காற்று அடிக்கிற தை மாதத்தில் அப்படி ஒரு காற்று கிடைக்கிறதே என்று இருவருக்கும் சந்தோஷம். சரிவில் நின்றபோதும் முகத்தில் லேசாகப் பட்டதாம். அவள் துணியை விரித்துப் பட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு ஓடத் தயாராகிவிட்டாள். அப்போதுதான் கீழே உன் ஊர்ப் பக்கம் இருந்த செங்கல் சூளைப் புகை உன் கண்ணில் பட்டிருக்கிறது. புகை மலைப் பக்கத்திலிருந்து கரட்டை நோக்கிப் படுத்துக்கொண்டு வந்தது. காற்று முதுகுப் பக்கமிருந்து கரட்டைத் தாண்டி வந்து சரிவில் சுருண்டுகொண்டிருந்தது. முகத்தில் பட்டது அந்தச் சுருளின் வால். அதை நம்பிக் கிளம்பியிருந்தால் அடுத்த நொடியே பாறையில் அடித்துப் போட்டிருக்கும்.

கத்தினால் அவள் காதில் விழுமோ விழாதோ என்று நீ ஓடிப்போய் விரித்திருந்த துணி மேல் குந்திவிட்டாய்.

"என்னங்க பண்றீங்க? கிழிஞ்சிடும், எழுந்துருங்க!" என்று அவள் போட்ட சத்தம் ஃபோனில் எனக்கே கேட்டது. நீ குந்தின இடத்திலிருந்துதான் எனக்குப் பேசினாய்.

"டேய் டவுன்காரா. மலை உனக்கு எந்தப் பக்கம்?"

"மேக்கால."

"எனக்கு?"

கடை வாசலில் நின்றிருந்தேன். எதிரே கோபுரம், அதற்குப் பின்னால் மலை, நாற்பது வருஷமாக எனக்கு மேற்கு என்றால் அதுதான். உன் வீட்டுக்கு எத்தனை ஆயிரம் தடவை வந்திருப்பேன். உன் வீட்டுக் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டு மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். அன்று அது ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"சொல்லுடா."

"கெழக்கால."

"ம்" என்றாய். என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. "பொறந்ததுலேருந்து தை மாசத்து காத்த பாக்கறேன். அது எங்கிருந்து வரும்னு எனக்கு தெரியாதா? அத வுட்டுட்டு உன் டப்பாவ நம்பினேன் பாரு, என்னைத்தான் சொல்லணும்" என்றாய். உடனே பெட்டியைத் திருப்பி வைத்தாய்.

சாயங்காலமே விஷயம் செல்வி காதுக்குப் போய்விட்டது. நம் இருவரையும் எதிரே நிற்க வைத்தாள். "யாரு பண்ண தப்பு?" என்றாள். நான் காபி டம்ளரை வாயிலிருந்து எடுப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "நான்தான்மா. மாப்ள சரியாத்தான் சொன்னாரு. நான்தான் அம்ப மாத்தி வெச்சிட்டேன்."

அவள் உன்னைக் கிழி கிழி என்று கிழித்தாள். நான் காபியைக் குடித்தேன்.

பைக் எடுக்கும்போது உன்னிடம் கேட்டேன், ஏன்டா அப்படிச் சொன்னே என்று. "நீ பொறுப்புன்னு சொன்னதாலதான் அவ என்னை பறக்க வுடறா. உன் மேல நம்பிக்கை போச்சுன்னா நாளைக்கே என் துணிய எரிச்சிடுவா. என்னை திட்டினா திட்டிட்டு போறா, அண்ணன்தானே" என்று கிக்கரை உதைத்தாய். உன் சுயநலத்துக்குத்தான் பொய் சொன்னாய் என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அதன் பிறகு ஆறு வருஷம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் காதுகுத்துக்கும், "ஒரு அம்ப நேரா வெக்கத் தெரியல, இவன் வானத்துல பறக்கறானாம்" என்று அவள் ஆரம்பிப்பாள். நீ சிரித்துக்கொண்டே சாப்பிடுவாய். நான் ரசத்துக்குக் கை நீட்டுவேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன், மச்சான். வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

ஆறு வருஷமும் அந்த டப்பா பொய் சொல்லவில்லை. யார் யாரோ வந்தார்கள், மிஸ்டு கால் கொடுத்தார்கள், பறந்தார்கள், உன் ஜீப்பில் திரும்பினார்கள். நீயும் பறந்தாய். உன் மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. போன பங்குனியில் ஒரு காலை டீயைக் குடித்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக் கட்டிலில் சாய்ந்தாய். நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர், "மேல இருந்து வுழுந்துட்டாரா?" என்று கேட்டார்கள். அத்தனை அழுகைக்கு நடுவிலும் செல்வி ஒவ்வொருவருக்கும் நிமிர்ந்து பதில் சொன்னாள். "இல்ல. எங்க அண்ணன் ஒரு நாளும் வுழுந்தது இல்ல."

அதன் பிறகும் தினமும் காலையில் அவள் அந்த நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தாள். ஆனியில் ஒரு நாள் பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பேட்டரி போயிருக்கும். யாரையாவது அனுப்பி மாத்தச் சொல்றேன்" என்றேன்.

"யாரையாவது எதுக்கு? நாம போவலாம்" என்றாள்.

போனோம். ஜீப் நிற்கிற இடத்துக்கு மேல் நடக்க வேண்டும். நான் கீழே பார்க்காமல், அவள் புடவையை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன். ஒரு இடத்தில் உட்கார்ந்தே விட்டேன். அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "எங்க அண்ணன் இதுல டப்பாவ தூக்கிகினு ஏறினான். நீங்க வெறுங்கையோட ஏற மாட்டீங்களா?" என்றாள். உச்சியில் உன் கம்பி நின்றது. ரோஸ் கிண்ணம் வெயிலில் வெள்ளையாகியிருந்தது. பேட்டரியை மாற்ற நான்கு திருகையும் கழற்றி, மூடியைச் செல்வி கையில் கொடுத்தேன்.

மூடியின் உள்பக்கம் உன் எழுத்து. கறுப்பு மார்க்கரில், ஒவ்வொரு வரியும் ஏறிக்கொண்டே போகிற அந்தக் கோணல் எழுத்து. செல்வி வாய்விட்டுப் படித்தாள்.

"மலை இருக்கற பக்கம் கிழக்கு. டேய் டவுன்காரா, இத நீ தொறந்தா உன் வாய மூடிகினு ஒரு தடவை திரும்பிப் பாரு."

படித்து முடித்தவள் மலையைப் பார்த்தாள். பெட்டியின் அம்பைப் பார்த்தாள். அது மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்ப மாத்தி சொன்னது நீங்களா?"

"ஆமா."

"ஆறு வருஷமா அவன திட்டினேனே. பக்கத்துல குந்திகினு சாப்டீங்களே!"

மூடியாலேயே என் தோளில் ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி ஓங்கினவள், சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே பாறையில் உட்கார்ந்து அழுதாள். நீ போன அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நானும் அழுதேன். எனக்கு அவமானமாகவும் இருந்தது, எத்தனையோ வருஷப் பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது. "ஒரு தடவையாவது அவனாண்ட, சரி வுடுன்னு சொல்லி இருப்பேன்" என்றாள். அந்தக் கடன் என்னுடையது, மச்சான். மன்னித்துவிடு என்று இதில் எழுதுகிறேன்.

பேட்டரியை மாற்றினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிஸ்டு கால் கொடுத்தாள். "மேற்கு 11" என்று வந்தது. முந்தானையை எடுத்துக் கையில் தூக்கிப் பிடித்தாள். அது மலைப் பக்கம் போய் ஆடியது.

"சரியாத்தான் சொல்லுது" என்றாள். மூடியை என்னிடம் கொடுக்கவில்லை, தானே வைத்துத் திருகினாள். உன் எழுத்து உள்ளேதான் இருக்கிறது.

இறங்கும்போது முன்னால் போய்க்கொண்டிருந்தவள் ஒரு திருப்பத்தில் நின்றாள். நான் பாறையைப் பிடித்துக்கொண்டு தவழாத குறையாக வந்துகொண்டிருந்தேன். "டவுன்காரரே, பாத்து வாங்க" என்றாள்.

நீ போன பிறகு அந்தப் பேர் சொல்லி என்னைக் கூப்பிட ஆள் இல்லாமல் இருந்தது. அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அந்தத் திருப்பத்தில்தான் தெரிந்தது. இப்போது தினமும் காலையில் அடுப்படியிலிருந்து குரல் வருகிறது. இன்றும் வந்தது, ஊக்கு தேடுவதற்குக் கொஞ்சம் முன்னால். "டவுன்காரரே, மேற்கு 12. அண்ணன் இருந்தா இந்நேரம் கெளம்பி இருப்பான்."

கிளம்பித்தான் இருப்பாய். முழுசாக இறங்கியும் இருப்பாய்.

மலைக்குக் கிழக்கே இருந்து,
டவுன்காரன்